மலைக்கு அந்தப் பக்கம் திராட்சை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் எருமை

சாட்டோ மூசார் என்ற வைன் ஆலை லெபனானின் கரையோரப் பக்கத்தில், பெய்ரூட்டுக்கு வடக்கே சுமார் 25 கிலோமீற்றரில், கஸீர் என்ற ஊரில் இருக்கிறது. திராட்சைத் தோட்டங்கள் அங்கே இல்லை. லெபனான் மலைத்தொடரைக் கடந்து மறுபுறம் இறங்கினால் வரும் பெக்கா பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் அவை கிடக்கின்றன. அறுவடைக் காலத்தில் பழம் லொறியில் மலையேறி இறங்கித்தான் ஆலைக்கு வரவேண்டும். சாதாரண நாளில் அது சில மணி நேரப் பயணம். 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சாதாரண நாள் என்று அதிகம் கிடைக்கவில்லை.

இலங்கையின் கிழக்கில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலும் மாட்டுப் பட்டியும், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடும் சந்தையுமாக வாழ்ந்த எந்த மட்டக்களப்புக் குடும்பத்துக்கும் இந்த அமைப்பை விளக்கத் தேவையில்லை. மூசாருக்கு இடையில் மலை, நமக்கு ஆறு. (வாவி என்று எழுதுவோம், ஆறு என்றுதான் சொல்வோம்.) குடும்பத் தொழில் பற்றிய பயிற்சி வகுப்புகளில் பிரான்ஸ், இத்தாலி வைன் குடும்பங்களின் கதையை அடிக்கடி கேட்டிருக்கிறேன். அந்தக் கதைகளில் யாரும் சோதனைச்சாவடியில் நிற்பதில்லை. எனவே இந்த ஆய்வுக்கு மூசாரை எடுத்தேன். அதன் பக்கத்தில் படுவான்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு எருமைத் தயிர்க் குடும்பத்தை வைத்துப் பார்க்கிறேன். மது தொடாத வாசகர்கள், குறிப்பாகக் காத்தான்குடி, ஏறாவூர் நண்பர்கள், குப்பிக்குள் இருப்பதை விட்டுவிட்டு நிலம், வழி, கணக்கு மூன்றையும் பார்த்தால் போதும்.

குடும்பம்

கஸ்தோன் ஹோஷார் என்ற இளைஞர் பிரான்சின் போர்தோ பகுதிக்குப் போய்வந்த பிறகு 1930இல் கஸீரிலிருந்த ஒரு பழைய கோட்டையில் ஆலையைத் தொடங்கினார். அப்போது லெபனான் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. தோட்டம் பெக்காவில் இருக்க ஆலையை ஏன் கரையோரம் கட்டினார் என்பதற்குக் குடும்பம் சொல்லும் காரணம், நாட்டின் எல்லை அன்று உறுதியாகத் தெரியவில்லை, பெக்கா எந்தப் பக்கம் போகும் என்ற சந்தேகம் இருந்தது என்பதே. ஒரு தொழிலின் இடத்தை மண்ணோடு சேர்த்து அரசியலும் தீர்மானித்த விதத்தைக் கவனிக்க வேண்டும். பிந்திய சோதனைகள் எல்லாம் இந்த முதல் முடிவிலிருந்தே கிளைத்தவை.

மகன் செர்ஜ் போர்தோவில் எமில் பேனோ போன்ற பேராசிரியர்களிடம் வைன் நுட்பம் படித்து, 1959இல் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். தம்பி ரொனால்ட் 1962 அளவில் கணக்கையும் விற்பனையையும் பார்க்க வந்தார். ஒருவர் தொட்டியடியில், மற்றவர் மேசையடியில். இந்தப் பிரிவினை அவர்கள் காலம் முழுதும் குலையவில்லை. போர் முடிந்த பின் 1991இல் தாரெக் சாக்ர் என்ற, குடும்பத்தைச் சேராத ஒருவர் வைன் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். செர்ஜ் 2014 டிசம்பர் 31இல் மெக்சிகோவில் கடலில் நீந்தும்போது இறந்தார். அதற்குள் தயாரிப்பறையில் வேறொரு கை இருபது ஆண்டுக்கு மேல் பழகியிருந்தது. குடும்பத் தொழில் என்றால் குடும்பத்தார் மட்டும் தொடவேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

கைமாற்றத்தில் நமது முறை வேறு. மட்டக்களப்பில் குடி (குலப் பிரிவு) தாய்வழி. வீடும் வயலும் சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே நான் பார்க்கும் தயிர்க் குடும்பத்தில் தொழில் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. எருமையைப் பார்ப்பது வெளியூரிலிருந்து வந்த மருமகன். வெளியாள் ஒருவரை உள்ளே எடுத்துத் தொழிலைப் பழக்குவதை மூசார் அறுபது ஆண்டுக்குப் பிறகு செய்தது. இங்கே ஒவ்வொரு தலைமுறையிலும் கல்யாணமே அதைச் செய்துவிடுகிறது. தந்தை–மகன் வாரிசுரிமையை வைத்து எழுதப்பட்ட பாடங்களை இங்கே கொண்டுவந்து படிப்பிக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. தயிர் காய்ச்சும் பெண்ணின் பெயர் வங்கிக் கணக்கிலும் இருப்பதில்லை, அது வேறு சங்கதி.

போர்க்காலம்

1976இல் சிரிய இராணுவம் லெபனானுக்குள் வந்தது. அந்த ஆண்டு மூசார் வைன் இல்லை. 1984இல் மலைப்பகுதிச் சண்டையால் நேர் வழி அடைபட்டது. லொறிகள் நீண்ட சுற்றுப்பாதையில் வந்து சேர்ந்தபோது பழம் வண்டியிலேயே நொதிக்கத் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டு வைனை வழக்கமான அறுவடையாக அவர்கள் விற்கவில்லை. பதினைந்து ஆண்டுப் போரில் தவறியவை இந்த இரண்டும்தான். மற்ற ஆண்டுகளில் எப்படியோ பழம் மலை தாண்டியது.

வைன் சஞ்சிகைகளுக்கு இது பிடித்தமான கதை: குண்டுமழை, நிலவறையில் ஒதுங்கிய அயலவர், அஞ்சாத செர்ஜ். அஞ்சாமை உண்மையாக இருக்கலாம். ஆனால் அஞ்சாதவர்கள் எத்தனையோ பேர் தொழிலை இழந்தார்கள். மூசார் ஏன் இழக்கவில்லை என்பதற்கு விடை அதன் தயாரிப்பு முறையிலேயே இருக்கிறது.

கபர்னே சோவின்யோன், சான்சோ, கரின்யான் என்ற மூன்று திராட்சை இனங்களும் தனித்தனியாகச் சிமெந்துத் தொட்டிகளில் நொதிக்கும். பிறகு ஓராண்டு பிரெஞ்சு ஓக் பீப்பாயில். பிறகு கலப்பு. மூன்றாம் ஆண்டு முடிவில் குப்பியில் அடைத்து, மலையைக் குடைந்த நிலவறையில் இன்னும் சில ஆண்டு கிடத்தி, ஏழாவது ஆண்டில்தான் சிவப்பு வைன் விற்பனைக்கு வரும். இதை ருசிக்கான பொறுமை என்று சொல்வார்கள். கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் வேறொன்று தெரியும். எந்த நேரத்திலும் பல அறுவடைகள் கையிருப்பில் இருக்கின்றன. 1976இல் காய்க்காத பணத்தின் ஓட்டை 1983 அளவில்தான் கடையில் தெரியும். அதற்குள் பழைய இருப்பைக் கூட்டிக் குறைத்து அதை மூடிக்கொள்ளலாம். பாதை ஒரு மாதம் அடைபட்டாலும் நிலவறை கெட்டுப்போகாது.

சந்தையும் அப்படியே நகர்ந்தது. போருக்கு முன் பெரும்பகுதியை லெபனானிலேயே விற்றார்கள். போர் அந்தச் சந்தையை அழித்தது. 1979இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வைன் கண்காட்சிக்கு குப்பிகளைக் கொண்டுபோனார்கள். அங்கே மைக்கல் புரோட்பென்ட் என்ற புகழ்பெற்ற விமர்சகர் அதைக் கண்டுகொண்டார். 1984இல் இங்கிலாந்தின் டிகாண்டர் சஞ்சிகை தன் ஆண்டின் மனிதர் விருதை முதன்முறையாகச் செர்ஜுக்கு வழங்கியது. பழம் லொறியில் நொதித்த அதே ஆண்டு! விற்கக் கையில் பழைய சரக்கு இருந்ததால்தான் வெளிநாட்டுக் கதவு திறந்தபோது உள்ளே போக முடிந்தது.

இப்போது ஆற்றுப் பக்கம். தொண்ணூறுகளிலும் அதன் பின்னும் எழுவான்கரை இராணுவத்திடம், படுவான்கரை புலிகளிடம். 2007 ஜூலையில் புலிகள் வசமிருந்த குடும்பிமலை இராணுவத்திடம் வீழும்வரை வாவிதான் எல்லைக்கோடு. வலையிறவுப் பாலத்தைத் தாண்டிப் போகும் சாமானுக்குத் தடைப்பட்டியல் இருந்தது. யூரியா, சீமெந்து, பற்றரி, எரிபொருள் எல்லாம் அதில் அடங்கும். மண்முனையில் வாவியைக் கடக்க அன்று பாலம் இல்லை, பாதைதான் (ஆளையும் வண்டியையும் ஏற்றிப்போகும் மிதவையை இங்கே பாதை என்போம்). 2014 ஏப்ரலில் பாலம் திறக்கும்வரை, பாதை ஓடினால் ஊருக்குப் போகலாம், ஓடாவிட்டால் இல்லை.

தயிர்க்காரருக்கு ஏழு ஆண்டு இல்லை, ஏழு நாளும் இல்லை. காலையில் கறந்த பாலை வற்றக் காய்ச்சி, ஆறவைத்து, உறை விட்டு, மண்சட்டியில் ஊற்றினால் மறுநாள் காலை சைக்கிளில் ஏற வேண்டும். பாதை மூடிய நாளில் சட்டி வீட்டில் புளிக்கும், ஆனால் எருமையை மறுநாளும் கறந்தே ஆகவேண்டும். நான் மூசாரின் ஏழாண்டுக் கதையைச் சொன்னபோது அந்த வீட்டு அக்கா சிரித்தார்.

"ஏழு வருசமா? நம்மட சாமான் வெள்ளிக்கிழமை வரைக்கும் நிண்டாலே பெரிய காரியம், தம்பி."

"அப்ப பாதை ஓடாத நாளில என்ன செஞ்ச நீங்க?"

"கடைஞ்சு வெண்ணெய் எடுத்து நெய் உருக்கிப் போட்டம். போத்தல்ல ஊத்தி வெச்சா ஒண்டும் ஆகாது. மறுகா பாதை திறந்தா நெய்தான் முதல்ல போகும்."

இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த முக்கியமான தகவல் இதுதான். நெய் போத்தல்கள் அந்தக் குடும்பத்தின் நிலவறை. யாரும் அதை உத்தி என்று பெயர் சொல்லிச் செய்யவில்லை. ஆனால் மூசாருக்கு நிலவறை செய்த வேலையைச் சின்ன அளவில் நெய் செய்தது. சமாதானம் வந்து பாலமும் வந்தபின் நெய் உருக்குவது குறைந்துவிட்டது. தயிர் உடனே காசாகிறது, விறகுச் செலவு மிச்சம், யார் மினக்கெடுவார்? 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது பால் மீண்டும் தேங்கியது. இந்த முறை வீட்டில் கடைந்து உருக்கப் பழக்கமுள்ள கை ஒன்றுதான் இருந்தது.

மண்ணை விட்டுவைத்தல்

மூசாரின் கொள்கையாகச் சொல்லப்படுவது, கைவைப்பதைக் குறைப்பது. பழத்தோடு தானாக வரும் காட்டு ஈஸ்ட்டிலேயே நொதிக்க விடுவது, வடிகட்டாமல் அடைப்பது, சேர்மானங்களை ஆகக் குறைப்பது. வெள்ளை வைனுக்கு ஒபைதே, மெர்வா என்ற லெபனான் நாட்டு இனங்களை, ஒட்டுக்கட்டாத பழைய புதர்க்கொடிகளிலிருந்து எடுக்கிறார்கள். உலகம் முழுக்க ஷார்தொனே என்ற பிரெஞ்சு வெள்ளைத் திராட்சை நடப்பட்ட காலத்தில் அந்தக் கொடிகளைப் பிடுங்காமல் விட்டதே பெரிய தீர்மானம். பழம் பறிப்பது கையால், பெக்காவின் பெதூயின் மக்கள். தோட்டங்களுக்கு இயற்கை விவசாயச் சான்றிதழ் 2006இல் கிடைத்தது. இஸ்ரேல் லெபனான்மீது குண்டு வீசிய ஆண்டும் அதுதான்.

கைவைக்காத கொள்கைக்கு விலையும் உண்டு. ஒரே ஆண்டுக் குப்பிகள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. காடிவாடை தூக்கலாக இருப்பதாகச் சில விமர்சகர்கள் முகம் சுழிப்பார்கள். அதுவே அதன் குணம் என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகவே படுகிறது. குற்றத்தைக் குணம் என்று விற்கும் வசதி பேர் எடுத்தவருக்குத்தான் உண்டு. புளிப்பு ஏறிய சட்டியைத் தயிர்க்காரர் அப்படி விற்க முடியாது, மறுநாளே திரும்பி வரும்.

இயற்கை விவசாயம் என்றாலே இங்கே 2021 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவித்தலில் நிறுத்தியது. நவம்பரில் பின்வாங்கியது. இடையில் பெரும்போகம் (மாரிகால நெல்) விதைத்தவர்கள் பட்ட பாட்டை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. மூசார் பல பத்தாண்டு அப்படியே செய்துவிட்டுப் பிறகுதான் சான்றிதழ் எடுத்தது. இங்கே சான்றிதழின் ஆசை முதலில் வந்தது, மண் தயாராக இருக்கவில்லை.

மண்ணைப் பேணும் பழக்கம் நம்மிடம் இல்லாமலில்லை. சூடடித்து முடிந்த வயலில் மாட்டுப் பட்டியை இரவில் அடைப்பார்கள். மாட்டுக்கு அறுத்த தாள், வயலுக்கு எரு. போடியாருக்கும் (வயற்சொந்தக்காரர்) பட்டிக்காரருக்கும் இடையில் பேச்சளவில் நின்ற ஒப்பந்தம் அது. சேற்றை மிதிக்கவும் சூடு மிதிக்கவும் எருமை தேவைப்பட்ட காலம்வரை ஒப்பந்தம் உறுதியாக இருந்தது. உழவு இயந்திரம் வந்தது, பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. இன்று வயலுக்கு எருமை வேண்டாம், வயல்தான் எருமைக்கு வேண்டும். பேரம் பேச ஒரு பக்கத்திடம் ஒன்றுமில்லை. களைநாசினி அடித்த வரம்பில் மேய்ந்து மாடு வயிறு ஊதிக் கிடந்தால் யாரிடம் கேட்பது? கேட்டால் "ஏன் விட்ட?" என்றுதான் பதில்.

இரண்டு கதைகளும் பிரியும் இடம்

இவ்வளவு ஒற்றுமையையும் அடுக்கிய பிறகு, மூசாரைப் பின்பற்றுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. போரின் நடுவிலும் ஹோஷார் குடும்பத்துக்கு ஒரு விடயம் நிச்சயமாக இருந்தது. மலை தாண்டி லொறி போகுமா என்று தெரியாது, ஆனால் போனால் அங்கே கொடி நிற்கும். நட்ட இடத்தில் நிற்பது கொடியின் இயல்பு. எருமைக்கு அந்த இயல்பு இல்லை, அது காலத்தோடு நகரவேண்டிய உயிர்.

வாடைமழை தொடங்கி வயல்கள் விதைக்கப்படும்போது மாட்டை வயற்புறத்திலிருந்து அகற்றவேண்டும். அகற்றும் திகதியைப் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் வைப்பார்கள். பட்டிகள் மேற்கே மேட்டுநிலத்து மேய்ச்சல் தரைக்குப் போகும். அறுவடைக்குப் பின் திரும்பும். இந்தப் போக்குவரத்துதான் தயிரின் அத்திவாரம். மேய்ச்சல் தரையோ அரச காணி. பரம்பரையாக மேய்த்திருக்கலாம், மாட்டில் குடும்பக் குறி சுட்டிருக்கலாம், ஆனால் காணியில் குறி சுட முடியாது. அப்படியான மேய்ச்சல் தரையுள்ள மயிலத்தமடு, மாதவனைப் பகுதி அரசின் மகாவலி நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்ட எல்லைக்குள் வருகிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் அங்கே பயிர் செய்யத் தொடங்கியதால் மேய்ச்சல் சுருங்கியது, மாடுகள் வெட்டுப்பட்டும் சுடுபட்டும் செத்தன. 2023 செப்டெம்பர் 15இல் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அறவழிப் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் விலை கேட்கவில்லை, மானியம் கேட்கவில்லை, மாட்டை எங்கே மேய்ப்பது என்று கேட்டார்கள்.

ஆகவே குடும்பத் தொழில் என்று வகுப்பெடுக்க வருபவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, உங்கள் பாட்டி எப்போது தொடங்கினார் என்பதாக இருக்கக்கூடாது. உங்கள் பொருள் எந்த நிலத்தில் தொடங்குகிறது, அது யாருடையது, வருடத்தில் எந்த மாதங்களில் அங்கே போகமுடியாது? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத இடத்தில் அழகான லேபலும் "பாரம்பரியச் சுவை" என்ற எழுத்தும் செலவுதான். மூசாரின் லேபலுக்கு மதிப்பு வந்தது அந்தக் குடும்பம் நிலத்தையும் நிலவறையையும் கையில் வைத்திருந்ததால். லேபலை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது சட்டியை வாங்கிவிட்டுப் பாலைத் தேடுவது.

எடுக்கக்கூடியதும் உண்டு. நெய்யை மீண்டும் ஒழுங்காக உருக்குவது ஒன்று. எல்லாப் பாலையும் அல்ல, மாரியில் பால் மிஞ்சும் நாட்களில் ஒரு பங்கை. வெள்ளம் வீதியை மறிக்கும் டிசம்பரில் அது போர்க்காலத்தைப் போலவே உதவும். நாட்டு எருமையை வைத்திருப்பது இன்னொன்று. கலப்பின முறா எருமை கூடப் பால் தரும், உண்மை. ஆனால் மேட்டுநிலத்துக்கு நடந்துபோய், கிடைத்ததைத் தின்று, குளத்தில் கிடந்து திரும்பி வருவதற்கு நாட்டு எருமைதான் சரி என்று பட்டிக்காரர்கள் சொல்கிறார்கள். ஒபைதேயைப் பிடுங்காமல் விட்ட தீர்மானத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறேன்.

தயிர்க் குடும்பம் இப்போது என்ன செய்கிறது என்றால், மகளுக்கு லேபல் வேண்டும். பிளாஸ்டிக் கோப்பையில் அடைத்து, குடும்பத்தின் பெயர் போட்டு, கொழும்புக் கடைக்கு அனுப்பவேண்டும் என்பது அவளுடைய கணக்கு. அவள் கம்பஸ் முடித்தவள், கணக்குப் பிழை இல்லை. அக்கா சீதனமாக வந்த மேட்டுக்காணியில் ஒரு துண்டை அடைத்துக் கோ-3 என்ற தீவனப் புல் நட்டிருக்கிறார். கறவையில் நிற்கும் எருமைகளுக்கு மட்டும் வெட்டிப் போடலாம், மற்றவை மேற்கே போகட்டும், அங்கே விரட்டினாலும் வீட்டில் பால் நிற்காது என்பது அவர் கணக்கு. புல்லுக்குத் தண்ணீர் வேண்டும், கிணறு ஆழப்படுத்தவேண்டும். கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் காணும். மருமகன் இரண்டு பேருக்கும் நடுவில் வாய் திறக்காமல் இருக்கிறார்.

"லேபல் மறுகா பாப்பம்," என்றார் அக்கா. "முதல்ல கிணத்தக் கிண்டுவம்."

மகள் இன்னும் சம்மதிக்கவில்லை.